துரையின் வயிறும் கோயில் கிணறும்

ஒரு பிராணி மலம் கழிக்கவில்லையே என்று ஒன்பது நாள் உங்களுக்குச் சோறு இறங்காமல் இருந்ததுண்டா? சிரிக்காதீர்கள். தேர் இருப்பிடத்தை விட்டு அசைய அரைமணி பிந்தினால் நெஞ்சடைத்துப் போகிறவர்கள் நம்மில் எத்தனையோ பேர். தங்கமுத்துவின் கவலைக்காவது உயிருள்ள ஒரு வயிறு இருந்தது.

விடிந்ததும் அவர் செய்கிற முதல் வேலை, முற்றத்தில் வெட்டிய பதுங்குகுழியான பங்கருக்குள் இறங்கி, அங்கே ஈரமணலில் பாதி புதைத்து வைத்திருக்கும் மண் தாழியின் மூடியைத் தூக்கி, மூக்கை உள்ளே விட்டு மணப்பது. பிறகு ஊசி கழற்றிய பெரிய சிறிஞ்சால் அடியில் கிடப்பதை உறிஞ்சி, வெள்ளைக் கோப்பை ஒன்றில் விட்டு, வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். கறுப்பாக, உருண்டையாக, உடையாமல் இருந்தால் முகம் மலரும். "துரை நல்லாப் போயிருக்கிறார்" என்று அந்தச் சந்து ஒழுங்கைக்கே கேட்கச் சொல்வார். கதவின் பின்பக்கத்தில் சோக்கால் ஒரு கோடு விழும். கோடு விழுந்த பிறகுதான் தேத்தண்ணீர்.

துரை மனிதரல்லர். அட்சலோட்டல் என்ற, மெக்சிக்கோ நாட்டு ஏரியொன்றைப் பூர்வீகமாகக் கொண்ட பிராணி. ஒரு சாண் நீளம். வெயில் படாத வெள்ளைக்காரனின் கழுத்துப் போல வெளிறிய ரோசா நிறம். தலையின் இரு பக்கமும் மும்மூன்றாகச் சிவந்த தூவிகள், அவைதான் செவுள்கள். குழந்தைக்கு இருப்பது போலச் சின்னக் கைகள், கால்கள். இமையில்லாத கண். எதற்கும் சிரித்தபடியே இருக்கும் வாய். தவளைக்குஞ்சு தவளையாவது போல இதுவும் வேறொன்றாக மாறிக் கரையேற வேண்டியது. மாறுவதில்லை. குஞ்சாகவே இருந்து, குஞ்சாகவே கிழடாகிறது.

"எங்கடை சனம் மாதிரித்தான்" என்பார் தங்கமுத்து. "வயசு ஏறும். வளர்ச்சி இல்லை."

கொடிகாமத்துக்கு வடக்கே, அம்மன் கோயில் ஒழுங்கையில் அவருடைய வீடு. வயது ஐம்பத்தைந்து. கல்லூரி ஒன்றின் விலங்கியல் ஆய்வுகூடத்தில் இருபத்தாறு வருடம் கழுவித் துடைத்தவர். இப்போதும் சேலைக்கு மேலே அந்த நீலக் கோட்டைத்தான் போட்டுக்கொள்கிறார். இரண்டு பொத்தான்தான் மிச்சம். அடுப்படியில் எல்லாப் போத்தலிலும் சீட்டு ஒட்டியிருக்கும். உப்புப் போத்தலில் "சோடியம் குளோரைட்டு". சீனிப் போத்தலில் "சீனி. நஞ்சல்ல". ஆய்வுகூடத்தில் மாணவர்கள் மூன்று தலைப்புப் போட்டு எழுதுவார்கள்: அவதானம், அனுமானம், முடிவு. அதில் முதலாவதை அவர் வாழ்க்கை முழுவதற்கும் எடுத்துக்கொண்டுவிட்டார். கடவுள் இருக்கிறாரா என்று கேட்டால், "நான் இன்னும் அவதானிக்கேல்லை" என்பார். இல்லையென்று சொல்லமாட்டார். அவதானிக்கவில்லை, அவ்வளவுதான்.

அதே ஆய்வுகூடத்தில், எல்லாருடைய முகவைக் குவளைகளையும் கழுவி வைத்த அந்தக் கைக்குத் தேநீர் தனித் தகரப் பேணியில்தான் வந்தது. சன்னலுக்கு வெளியே, ஆணியில் தொங்கிய பேணி. பரிணாமம் படிப்பித்த ஆசிரியர் அந்த ஆணியை இருபத்தாறு வருடமும் அவதானிக்கவில்லை.

வெளிநாட்டுக்குப் போய்த் திரும்பிய ஒருவர் எண்பத்து மூன்றாம் ஆண்டில் கல்லூரிக்குக் கொண்டுவந்து கொடுத்த இரண்டில் ஒன்று துரை. தொண்ணூறில் கல்லூரி அகதி முகாமானபோது நுணுக்குக்காட்டிகளை ஆசிரியர்கள் பத்திரமாக எடுத்துப்போனார்கள். சோடி செத்துத் தனியே கிடந்த துரையை ஒருவரும் கேட்கவில்லை. அலுமினியச் சட்டியில் தண்ணீர் விட்டு, ஈரத் துவாயால் மூடி, சைக்கிள் கரியரில் கட்டி, ஏழு மைல் உருட்டிக்கொண்டே வந்தார் தங்கமுத்து. வழியில் மறித்த இயக்கப் பொடியள், "என்னணை சட்டிக்கை?" என்று கேட்டார்களாம். "துரை" என்றாராம். திறந்து பார்த்துவிட்டு வழியை விட்டார்களாம்.

குளிர்நாட்டுப் பிராணியை யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ப்பது விளையாட்டில்லை. யுத்தத்தில் மின்சாரம் போய் மூன்று வருடமாகிறது. ஐஸ் என்பது சின்னப்பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்கிற பொருள். தங்கமுத்து யோசித்தார். ஊரிலேயே குளிர்ந்த இடம் எது? குண்டு போடுகிற பொம்மர் விமானத்துக்குப் பயந்து வெட்டிய பங்கர். அடியில் மணல், மேலே பனங்குற்றி, அதன்மேல் மண்மூட்டை. தாழி அங்கே போனது. ஈரச் சாக்குச் சுற்றினார். இரண்டு வேளை தண்ணீர் மாற்றினார். அவர் வீட்டுக் கிணறு வாயில் வைக்க முடியாத உவர். நல்ல தண்ணீர் அரை மைல் தள்ளிச் சந்தைக் கிணற்றில். சைக்கிளில் இரண்டு தண்ணீர்க் கான் கட்டிக்கொண்டு காலையும் மாலையும் ஓடினார்.

அவர் வாசல் படலையிலிருந்து அறுபத்திரண்டாவது எட்டில் இன்னொரு கிணறு இருக்கிறது. அம்மன் கோயில் கிணறு. நாலு பாகம், நாலு ஆள் உயரத்துக்கு ஆழம், மருதமர நிழல், கையை விட்டால் விறைக்கிற தண்ணீர். ஐயரும், கோயிலை நடத்துகிற மணியம் சண்முகநாதனும்தான் அள்ளலாம். ஒழுங்கைப் பெண்கள் குடத்தை நீட்டினால் ஐயர் வார்ப்பார். தங்கமுத்துவின் ஆட்களுக்கு வார்ப்பதும் கிடையாது. அவர்கள் கிணற்றுக்கட்டில் கால் வைத்தால் அம்மனுக்குத் தீட்டாம். அண்ட சராசரத்தையும் ஆள்கிறவளுக்கு ஒரு வாளித் தண்ணீரில் தடிமன் பிடித்துவிடும் என்று இவர்கள் நம்புகிறார்கள்.

இந்தப் பங்குனியின் இரண்டாம் திங்கட்கிழமை, அம்மனுக்கு உகந்த நாள். எதிர்வீட்டுச் சிவக்கொழுந்து அருச்சனைத் தட்டோடு கோயிலுக்குப் புறப்பட்டார். கண்ணில் வெள்ளை படர்ந்து வருகிறது அவருக்கு. வெட்டி எடுக்க வைத்தியரும் இல்லை, மருந்தும் இல்லை. அதனால் அம்மனுக்குக் கண்மடல் நேர்ந்திருந்தார். கண் வருத்தத்துக்கு நேர்ந்து சாத்துகிற வெள்ளித் தகட்டுக் கண் அது, பாதி நகத்தளவு. சேலைத் தலைப்பில் முடிந்திருந்தார். பாதி ஒழுங்கையில் பொம்மர் வந்துவிட்டது. கிட்டிய பங்கர் தங்கமுத்துவினுடையது. பொம்மர் தலைக்கு மேலே சுற்றும்போது யாரும் சாதி கேட்பதில்லை. போன பிறகுதான் ஞாபகம் வரும்.

உள்ளே அரை இருட்டு. சிவக்கொழுந்துக்கு அது முக்கால் இருட்டு. தாழி மூடி திறந்து கிடந்தது.

"எடி தங்கமுத்து, உது என்னடி? கையும் காலும் வைச்சுக்கொண்டு மீனொண்டு!"

"துரை, அக்கா."

அக்கா என்று தங்கமுத்து அழைப்பது சிவக்கொழுந்துக்குப் பிடிக்காது. அன்று அவர் அதைக் கவனிக்கவில்லை.

"ஐயோ, கும்பிடுதடி! கையெடுத்துக் கும்பிடுது!"

"கும்பிடேல்லை. மண்புழு கேக்குது."

அந்த நேரம் இரண்டு ஒழுங்கை தள்ளி விழுந்தது குண்டு. பனங்குற்றிகளுக்கிடையால் மண் கொட்டியது. இருவரும் குப்புறப் படுத்தார்கள். தாழிக்குள் 'களுக்' என்று ஏதோ விழுந்த சத்தம் தங்கமுத்துவின் காதில் பட்டது. மண்கட்டி என்று நினைத்தார்.

மறுநாள் கதவில் கோடு விழவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நாலாம் நாள் துரை புழுவைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆறாம் நாள் வால் மேலே, தலை கீழே என்று மிதக்கத் தொடங்கினார். வயிறு ஊதிப் பளபளத்தது. சிரிப்பு மட்டும் மாறவில்லை. அதுதான் தங்கமுத்துவால் பார்க்கமுடியாதது.

ஆசுப்பத்திரிக்குச் சைக்கிளில் போனார். "அம்மா, இஞ்சை மனுசருக்கே பேதி மருந்தில்லை" என்றார் அங்கே வைத்தியம் பார்க்கிற அப்போதிக்கரி. ஒழுங்கையில் மருத்துவர்களுக்குக் குறைவில்லை. ஓமத் தண்ணீர் என்றார் ஒருவர். ஆமணக்கெண்ணெயைத் தொப்புளில் தடவச் சொன்னார் இன்னொருவர்.

"அதுக்குத் தொப்புள் இல்லை."

"தொப்புள் இல்லையோ? அப்ப அது பிறவாதது!"

கதை அங்கேதான் திரும்பியது. தொப்புள் இல்லாதது, பிறவாதது, கும்பிடுகிற மீன், குண்டு விழுந்தும் இடியாத பங்கர். முடிவு தயார்: மச்சாவதாரம். எட்டாம் நாள் தங்கமுத்துவின் படலையில் வரிசை நின்றது. அந்த முற்றத்தில் கால் வைத்தால் வீட்டுக்குப் போய் முழுகுகிறவர்கள், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள்.

"பூப் போடாதேங்கோ. பால் ஊத்தாதேங்கோ" என்று நீலக் கோட்டோடு வாசலை மறித்தார் தங்கமுத்து. "அவருக்கு வயித்துக் கட்டு. கடவுளுக்கு வயித்துக் கட்டு வருமோ? யோசிச்சுப் பாருங்கோ."

"திருவிளையாடல்" என்றது வரிசை.

ஒன்பதாம் நாள் உச்சி வெயிலில் மணியம் சண்முகநாதன் வந்தார். வெற்றுடம்பு, விபூதி, இடுப்பில் சால்வை. பங்குனித் திங்கள் கூட்டம் கோயிலை விட்டுப் பங்கருக்குப் போனால் எந்த மணியம்தான் வீட்டில் இருப்பார்?

"சுவாமி உங்கை கிடக்கக்கூடாது. கோயிலுக்கு வரவேணும்."

"அம்மன் கோயிலிலை விஷ்ணுவுக்கு என்ன வேலை, மணியம் ஐயா?"

"அம்மனின்ரை தமையன்தானே. தங்கச்சி வீட்டை தமையன் வரப்படாதோ?"

வரிசை மெய்சிலிர்த்தது. தங்கமுத்து பதில் சொல்ல வாயெடுத்தபோது சிவக்கொழுந்து முன்னுக்கு வந்து தாழியைக் குனிந்து பார்த்தார்.

"ஏனடி இப்பிடித் தலைகீழாய் நிக்கிறார்? என்ரை கண்மடல் அவருக்குப் பிடிக்கேல்லையோ?"

"எந்தக் கண்மடல்?"

"அண்டைக்குப் போட்டனான், குண்டு விழேக்கை. நான் போட, அவர் வாயைத் திறந்து ஏற்றுக்கொண்டார்."

தங்கமுத்து நிலத்தில் குந்திவிட்டார். அந்தப் பிராணி முன்னால் எது விழுந்தாலும் உறிஞ்சும். இரையா இரும்பா என்று பார்க்காது.

"அக்கா, என்ரை துரைக்குத் தகரம் தீத்தியிருக்கிறியள்!"

"ஆரடி தகரம் எண்டது? வெள்ளி!"

கோபப்பட நேரமில்லை. எண்பத்து நாலில் இப்படித்தான் துரை ஒரு கல்லை விழுங்கினார். அன்று விலங்கியல் ஆசிரியர் குருநகரிலிருந்து ஐஸ் எடுப்பித்துத் தண்ணீரைக் குளிரப்பண்ணி வைக்க, பின்னேரத்துக்குள் கல் வந்துவிட்டது. கழுவிய கை தங்கமுத்துவினுடையது; மறக்காது. இப்போது ஐஸ் இல்லை. சந்தைக் கிணற்றுத் தண்ணீர் இந்த வெயிலில் வந்து சேருமுன் கொதித்துவிடும். அறுபத்திரண்டு எட்டில் ஐஸ் போலத் தண்ணீர் இருக்கிறது. துரைக்கு இன்றைய பொழுது தாங்காது.

"சரி, ஐயா" என்று எழும்பினார். "கோயிலுக்குக் கொண்டு போவம். முதலிலை கிணத்தடிக்கு. சுவாமிக்குக் குளிர்த்தி வேணும்."

துரையைப் பழைய அலுமினியச் சட்டிக்கு மாற்றினார். சட்டியை யார் தூக்குவது? தங்கமுத்து கைநீட்டினார். "நீ தூக்கக்கூடாது" என்று மணியம் தானே வாங்கி இரு கையாலும் ஏந்திக்கொண்டார். அரோகரா எழுந்தது. சிவக்கொழுந்து தட்டோடு பின்னால். கடைசியில் நீலக் கோட்டு, கையில் சிறிஞ்ச்.

கிணற்றடியில்தான் சிக்கல் வந்தது. ஐயர் காலைப் பூசை முடித்துக் கொடிகாமம் சந்தைக்குப் போய்விட்டார். மணியம் சட்டியை நிலத்தில் வைக்கக் குனிந்தார்.

"ஐயோ, சுவாமியை நிலத்திலை வைக்கிறதோ!" என்று சனம் கத்தியது.

நிமிர்ந்தார். அள்ளக்கூடிய, சுவாமியைத் தொடக்கூடிய ஒரே ஆள் அங்கே அவர்தான். அவருடைய இரண்டு கையிலும் கடவுள்.

தங்கமுத்து கோட்டின் கையை மடித்துவிட்டுக் கிணற்றுக்கட்டில் ஏறினார்.

"எடியே! இறங்கடி!"

"நீங்கள் வந்து அள்ளுங்கோ. நான் சுவாமியைப் பிடிக்கிறன்."

மணியம் சட்டியைப் பார்த்தார். சனத்தைப் பார்த்தார். நூறு பேர் முன்னால் சுவாமியைத் தங்கமுத்துவின் கையில் கொடுப்பதா? கொடுக்காவிட்டால் அவள் கிணற்றில் அள்ளுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதா? இப்படியொரு கணக்கு அவருடைய பரம்பரையில் யாருக்கும் வந்ததில்லை. சட்டிக்குள் துரை, வாலை ஆகாயத்துக்குக் காட்டியபடி சிரித்துக்கொண்டிருந்தார்.

கப்பி கிரீச்சிட்டது.

வாழ்நாள் முழுக்கக் கேட்ட அந்தச் சத்தம் தன் கையால் வருவது தங்கமுத்துவுக்கு அதுதான் முதல்தடவை. நின்று அதை ரசிக்க நேரமில்லை. முதல் வாளியை மெதுவாகச் சட்டியில் சரித்தார். இரண்டாவது. மூன்றாவது. சட்டி நிரம்பி மணியத்தின் நெஞ்சால் வழிந்தது. "ஆடாதேங்கோ, ஐயா. அவருக்குக் கூச்சம்." நாலு, ஐந்து. மணியத்தின் பற்கள் தட்டின. ஒருவரும் அரோகரா சொல்லவில்லை. ஆறாவது வாளியில் துரையின் வால் தாழ்ந்தது. ஏழாவதை ஊற்றும்போது முழு உடம்பும் ஒருமுறை வில்லாக வளைந்தது.

ஒன்பது நாள் சரக்கு. வழிந்த தண்ணீரோடு சேர்ந்து விளிம்பு தாண்டி, மணியத்தின் வேட்டியில் இறங்கியது.

தங்கமுத்து குனிந்தார். "கறுப்பு. உருண்டை." சிறிஞ்சின் நுனியால் கிளறினார். வெயிலில் ஒரு கண் பளிச்சிட்டது. "ஒரு வெள்ளித் தகடு. முடிஞ்சுது."

"மணியம், பிரசாதம்!" என்று கூட்டத்தின் பின்னால் யாரோ சொன்னார்கள். யாரென்று இன்றுவரை தெரியாது. சிரிப்பு மட்டும் பங்குனி முழுவதற்கும் போதுமாயிருந்தது.

அன்றிரவு மணியத்துக்கு நித்திரை வந்திருக்காது. மச்சாவதாரம் என்றால், அவதாரத்தின் குளிர்த்திக்கு அள்ளிய கை எப்படித் தீட்டாகும்? தீட்டு என்றால், தான் ஏந்தி நின்றது என்ன? விடிய அவர் அறிவித்தார்: "அது வெறும் ஓணான்." ஆகவே கிணறு தீட்டுப்பட்டது, முழுவதும் இறைத்துச் சுத்தி செய்யவேண்டும். இறைக்கிற இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் வேண்டும். அது விளக்குக்கே இல்லை. கையால் இறைக்க ஆள் வேண்டும். அந்த வேலைக்கு எப்போதும் கூப்பிடப்படுகிறவர்கள் தங்கமுத்துவின் ஆட்கள். கூப்பிட்டார். எல்லாருக்கும் ஒரே பதில்: "வயிறு சரியில்லை, ஐயா."

மஞ்சள் தண்ணீர் தெளித்தார். பிறகு கப்பியிலிருந்து கயிற்றையும் வாளியையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார். இப்போது ஐயர் வரும்போது மட்டும் அவை கூடவே வருகின்றன.

கண்மடலைக் கழுவித் திருப்பித் தர வந்த தங்கமுத்துவிடம் சிவக்கொழுந்து, "அம்மன் இனி இதை ஏற்பாவோ?" என்று கேட்டார். "நான் அவதானிக்கேல்லை" என்றார் தங்கமுத்து. "ஆனால் கண்ணுக்கு ஒப்பரேசன் செய்யிறவை ஆரும் வந்தால் நான் சைக்கிளிலை ஏத்திக்கொண்டு போறன்." அந்தத் தகடு இப்போது சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில், சின்னப் போத்தலில் இருக்கிறது. சீட்டில் எழுதியிருப்பது: "கண். துரையின் வயிற்றிலிருந்து."

துரை மறுபடி ஒரு நாளைக்கு இரண்டு புழு சாப்பிடுகிறார். சித்திரை வெயில் பங்குனியை விடக் கொடியது. வருத்தம் கண்ட உடம்பு; அந்தக் கிணற்றுத் தண்ணீர் இல்லாவிட்டால் இம்முறை அவர் வைகாசி காணமாட்டார். ஆகவே விடிந்ததும் தங்கமுத்து தன்னுடைய கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு அறுபத்திரண்டு எட்டு நடக்கிறார். கிணற்றுக்கட்டில் ஏறி, கப்பியில் மாட்டி, அள்ளுகிறார். கான் நிரம்பியதும் வாளியை எடுத்துக்கொள்கிறார். கயிற்றை எடுப்பதில்லை. வேறு யாருக்கும் தண்ணீர் தேவைப்படலாம். மத்தியானத்துக்குள் அது காணாமல் போய்விடும்; எங்கே போகிறது என்று மணியத்தைக் கேட்கத் தேவையில்லை. மறுநாள் இன்னொரு கயிறு. தும்புக் கயிறு, பழைய சேலையை முறுக்கிய கயிறு, கொடிக் கயிறு. போன கிழமை அவர் படலையில் ஒரு மாட்டுக் கயிறு சுருட்டி வைத்திருந்தது. எதிர்வீட்டில் சிவக்கொழுந்தின் பசு, அரை முழக் கயிற்றில் கட்டுண்டு, மூக்கை வேலியில் முட்டிக்கொண்டு நின்றது.

இன்று காலை மாட்டிவிட்டு வந்த அந்த மாட்டுக் கயிறும் போய்விட்டது. நாளைக்குக் கப்பியில் மாட்ட அவர் தன் நீலக் கோட்டைக் கிழித்து முறுக்கிக்கொண்டிருக்கிறார். ஒரு கை பிரிந்துவிட்டது.

கொடிகாமம் பக்கம் வருகிறவர்களே, ஐந்து பாகத்தில் ஒரு கயிறு கொண்டு வாருங்கள். தங்கமுத்துவிடம் கொடுக்கவேண்டாம். நேரே அம்மன் கோயில் கிணற்றுக்குப் போய்க் கப்பியில் மாட்டி, ஒரு வாளி அள்ளிக் குடித்துவிட்டு, கயிற்றை அங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.